அக்கரைக் குரலும் அரையடி மைக்கும்

ஆனைமலையில் ஒருவனுக்கு 'நல்ல தொண்டை' என்று பேர் வர வேண்டுமானால் அப்போதெல்லாம் ஒரே பரீட்சைதான். இக்கரையில் நின்று பாடினால், ஆழியாற்றுக்கு அக்கரையில் தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருப்பவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும். நிமிர்ந்தால் பாஸ். சுருதி, பாவம், உச்சரிப்பு எல்லாம் அதற்கப்புறம் வருகிற அலங்காரங்கள். என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) இந்தப் பரீட்சையை வைத்து, நான் தேறிவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "நம்ம பையன் மாசாணியாத்தா கோயல்ல பாடுனா பஸ் ஸ்டாண்டுல நிக்கறவனுக்குக் கேக்குமுங்க. அவனுக்கு மைக்கெல்லாம் எதுக்குங்க?"

இப்போது அறுபது தாண்டியாயிற்று. அதே ஊரில் என் தம்பி மகன் சொல்கிறான்: "பெரியப்பா, கத்தாதீங்க. கேக்கறவங்க காது இங்கதான் இருக்குது." இங்கே என்று அவன் தொட்டுக் காட்டுவது மைக்கின் கம்பி வலையை. என் மூக்கிலிருந்து ஒரு ஜாண்.

பையன் இன்ஜினீயரிங் படித்தவன். படித்த படிப்புக்கு வேலை தேடாமல் மாடியறையை அடைத்து ஸ்டுடியோ ஆக்கியிருக்கிறான். தொழில் மோசமில்லை. பொள்ளாச்சி வட்டாரத்துக் குலதெய்வங்களுக்கெல்லாம் இப்போது சொந்தமாக ஒரு பாட்டு வேண்டியிருக்கிறது. கும்பாபிஷேகப் பத்திரிகை அடிக்கிறபோதே யூடியூபுக்கு ஒரு பாட்டும் போட்டுவிடுகிறார்கள். பழைய பஜனைக் குரல் ஒன்று தேவைப்படும்போது வீட்டிலேயே இருக்கிற பெரியப்பாவை மாடிக்குக் கூப்பிடுகிறான். சம்பளம் ஒரு டம்ளர் காபி. அதுவும் பாடி முடித்த பிறகுதான். முன்னால் குடித்தால் பாலின் பிசுபிசுப்பு நாக்கில் ஒட்டி 'சப்பு சப்பு' என்று ரெக்கார்ட் ஆகிறதாம்.

எங்கள் பஜனை வாத்தியாருக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. மார்கழி விடியலில் ஆற்றில் இறக்கிக் கழுத்தளவுத் தண்ணீரில் நிறுத்திச் சாதகம் செய்யச் சொல்வார். ஆனைமலை மார்கழி எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அதன் கொடுமை புரியும். பல் தந்தியடிக்கும்; அதையே அவர் 'கமகம் வருது, விடாதே' என்பார். கரையேறினால் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால், வாயில் அடக்கிக்கொள்ள அதிமதுரத் துண்டு. தயிர் கூடாது. ஐஸ் கூடாது. கொய்யாக்காய் பாவம்.

தம்பி மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, முழுங்குகிற எதுவும் குரல்நாணில் நேரே படாது என்றான். உணவு போகிற வழி வேறு, குரல்நாண் இருக்கிற மூச்சு வழி வேறு. மிளகுப் பால் தொண்டைக்கு இதம் தருமே ஒழிய நாணைத் தொடாது, தொடுவது ஆவிதான். "நாள் பூரா தண்ணி குடிச்சுட்டே இருந்தீங்கன்னா அது பத்துமுங்க பெரியப்பா." அப்புறம் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு ஸ்ட்ராவைப் போட்டு, ஸ்ட்ரா வழியாக 'ஊ' என்று குமிழி விட்டுக்கொண்டே கீழ்ச்சுருதியிலிருந்து மேலே வழுக்கிப் போகச் சொன்னான். குழாயில் அடைபடுகிற காற்று திரும்பி வந்து நாண்களை மெல்லத் தாங்குமாம். அதனால் அவை கஷ்டப்படாமல் அதிருமாம். அமெரிக்காவில் இங்கோ டிட்ஸே என்கிற குரல் விஞ்ஞானி இந்த ஸ்ட்ரா வித்தையைப் பெரிதாகப் பரப்பியிருக்கிறார். அன்றைக்குத் தண்ணீரில் நான் நின்றேன். இன்றைக்கு ஸ்ட்ரா நிற்கிறது. முன்னேற்றம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் குரல் உண்மையிலேயே இளகுகிறது. இதைப் பையனிடம் சொல்லவில்லை.

அக்கரைக்குக் கேட்கும்படி பாடியது ஆனைமலைக்காரர்களின் முரட்டுத்தனம் மட்டுமல்ல. நாடெங்கும் பாட்டு அப்படித்தான் இருந்தது. நாடக மேடையில் மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்குக் கேட்க வேண்டும். ஆகவே ஆண்களும் கட்டையை ஏற்றிப் பாடினார்கள். அந்தப் பாணியின் மகாராஜா எம். கே. தியாகராஜ பாகவதர். மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' (1944) எடுக்கப்பட்டது நம் கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில். அதே சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜுபிடர் படக் கம்பெனி எடுத்து 1950-ல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில்தான், எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில், டி. எம். சௌந்தரராஜன் முதன்முதலாகச் சினிமாவில் பாடினார். அந்தப் பாட்டைக் கேட்டால் பாகவதரே பாடுகிறாரோ என்று தோன்றும். டி.எம்.எஸ். என்று நாம் அறிந்த குரல் அதற்கப்புறம் வந்தது. நாடக மேடையைத் தொண்டையிலிருந்து இறக்கி வைக்க அவ்வளவு பெரிய பாடகருக்கே நாளாயிற்று என்றால், பஜனை மடத்திலிருந்து வந்தவனைப் பையன் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால், இசைத்தட்டின் ஆரம்ப காலத்தில், மின்சாரமே கிடையாது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது எதிரே இருந்தது ஒரு தகரக் கூம்பு. அதற்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும்; குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். உச்சத்துக்குப் போகும்போது முகத்தைப் பின்னுக்கு இழுக்காவிட்டால் ஊசி துள்ளிப் பதிவு கெட்டுவிடும். சுமார் மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தை முடித்து, கடைசியில் தன் பெயரையும் கூவிவிட்டு இறங்குவார் அவர். 1925 வாக்கில் மின் மைக் வந்த பிறகுதான் உலகமெங்கும் பாடகர்களுக்குக் கிசுகிசுக்க அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி. நமக்கு ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ்.

ஏ. எம். ராஜாவை எங்கள் வீட்டு ரேடியோவில் கேட்கும்போதெல்லாம் அப்புச்சிக்குப் பெரிய வருத்தம். "பாவம், ஒடம்புக்குச் சொகமில்லாதப்பப் பாடுனதாட்ட இருக்குது" என்பார். நன்றாகப் பாடுகிற ஆள் ஏன் இப்படி மெல்லப் பாட வேண்டும் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மைக் என்பது குரலைப் பெரிதாக்கத்தானே? ஏற்கனவே பெரிதாக இருப்பவன் அதன் முன் இன்னும் பெரிதாகப் பாடினால் இரட்டை லாபம் அல்லவா? கணக்கில் தப்பே இல்லை.

எங்கள் கையில் மைக் வந்தது ரேடியோ செட்டுக்காரர் புண்ணியத்தில். நோம்பி, சீர், கல்யாணம் எதுவானாலும் அகுஜா ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். குழாய்கள் தென்னை மரத்தில் ஏறும், ஒன்று கிழக்கே பார்த்து, ஒன்று மேற்கே பார்த்து. மைக்கை யாரும் வாயருகே கொண்டுபோக மாட்டோம். காரணம் கலை அல்ல, ஷாக் அடிக்கும். ஈர உதட்டில் ஒருமுறை அடி வாங்கியவன் ஆயுசுக்கும் முழங்கை தூரத்தில்தான் மைக்கைப் பிடிப்பான். முழங்கை தூரத்தில் பிடித்தால் கத்தித்தான் ஆக வேண்டும். கத்தினால் குழாய் 'கீ' என்று கூவும். அது கூவினால் செட்டுக்காரர் சத்தத்தைக் குறைப்பார். குறைத்தால் நாங்கள் இன்னும் கத்துவோம். ஒரு தலைமுறையின் குரல்வளம் இப்படித்தான் வளர்ந்தது.

என் குரலை நானே முதலில் கேட்டது, குவைத்திலிருந்து வந்த மாமா கொண்டுவந்த நேஷனல் டேப்ரிக்கார்டரில். காவடிப் பாட்டொன்றைப் பாடி முடித்து, டேப்பைச் சுற்றிப் போட்டுக் கேட்டால், யாரோ மெலிந்த ஆள் மூக்கால் பாடிக்கொண்டிருக்கிறான். மெஷின் கோளாறு என்றே எல்லோரும் முடிவு செய்தோம். மாமா பேசினதும் மாமா குரலாக இல்லை என்று மாமா சொன்னார். ஆனால் மாமா குரல் அப்படியே இருந்ததாக மற்ற எல்லோருக்கும் பட்டது. நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் வருகிறது, அந்த வழியில் அடிச்சுரங்கள் கனத்து வரும், மெஷினுக்கு அந்த வழி கிடையாது என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. ஆக, ஊரே கேட்டுக்கொண்டிருந்த குரலைக் கேட்காத ஒரே ஆள் நான்தான்.

அந்த டேப்ரிக்கார்டருக்கு இன்னொரு குணம். சத்தத்தின் அளவை அதுவே ஏற்றி இறக்கிக்கொள்ளும். நான் உரக்கப் பாடினால் என்னை அமுக்கிவிடும். மூச்சு வாங்க நிறுத்தினால், சும்மா இருக்கிறானே என்று சுற்றுப்புறத்தைத் தூக்கிக் கொடுக்கும். அந்த கேசட்டில் பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் நடுவே எங்கள் வீட்டு எருமை துல்லியமாகப் பதிவாகியிருந்தது. ஸ்டுடியோ தரம்.

மாடியறைக்கு வருகிறேன். ஆனைமலையில் ஒரு பாட்டைப் பதிவு செய்வதில் பெரிய வித்தை, பாட்டு அல்லாததைப் பதிவு செய்யாமல் இருப்பது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கித் தென்னந்தோப்பு முழுக்க இரைகிறது. காற்று ஓய்ந்தால் மயில். சின்ன வயதில் மயிலைப் பார்க்கப் பழனிப் பக்கம் போக வேண்டும் என்பார்கள். இப்போது தண்ணீர்த் தொட்டி மேல் நாலு உட்கார்ந்திருக்கிறது, நான் மூச்சை இழுக்கிற சமயம் பார்த்து அகவுகிறது. அப்புறம் போர் மோட்டார், வால்பாறை பஸ்ஸின் ஹாரன், தேங்காய் உரிக்கிற களம். பக்கத்துத் தோப்புக்காரர் மோட்டாரை ராத்திரியிலும் ஓட்டவே, "பெரியப்பா, பேசாம மாசாணியம்மன் கோயல்ல மொளகாய் அரைச்சுப் பூசிட்டு வந்தர்லாமுங்களா?" என்றான் பையன். நியாயம் கேட்டு வெளியூரிலிருந்தெல்லாம் வந்து ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைக்கிற கோயில். பதிவில் இரைச்சல் ஏறுகிற வழக்கையெல்லாம் அம்மன் விசாரிக்குமா என்று தெரியவில்லை. ராத்திரி பதினொன்றுக்கு மேல் பாடுவதாகச் சமரசம் செய்துகொண்டோம்.

எதிரொலியை அடக்கச் சுவருக்கு என்ன போட்டான் என்பது தனிக் கதை. முதலில் முட்டை அட்டைகள் ஒட்டினான். அவை எதிரொலியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, கரப்பான்பூச்சிக்குத்தான் உதவும். பிறகு ஆன்லைனில் கறுப்பு ஸ்பான்ஜ் வாங்கினான். அது வந்து இறங்கிய தெருவில், தென்னை நார் கட்டுக் கட்டாக லாரி ஏறிக்கொண்டிருந்தது. சத்தத்தை உறிஞ்ச நல்ல தடிமனான நார் மெத்தை போதும். உலகத்துக்கே அதை அனுப்புகிற வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கிருந்தோ ஸ்பான்ஜ் தருவித்தாயிற்று. கடைசியில் ஸ்பான்ஜுக்குப் பின்னால் மாமனார் வீட்டுப் பழைய நார் மெத்தையைச் சாத்தினான். அறை அடங்கியது அதன் பிறகுதான். வருகிறவர்கள் ஸ்பான்ஜைப் பார்த்துத்தான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

மைக்குக்கு முன்னால் நிற்பதற்கே ஒரு பயிற்சி. முன்பக்கத்தை அதிகமாகவும் பின்பக்கத்தைக் குறைவாகவும் கேட்கிற இந்த ஜாதி மைக்கில், வாய் நெருங்க நெருங்க அடிக்குரல் பருக்கும். நாலு விரற்கடைக்குள் போய்ப் பேசினால் நானே மந்திரி போல இருக்கிறேன். அது பேச்சுக்கு நல்லது, பாட்டுக்குச் சேறு. ஆகவே ஒரு ஜாண். உச்சஸ்தாயிக்கு இரண்டு ஜாண். 'ப' வரும் இடத்தில் வாயிலிருந்து புறப்படும் காற்று மைக்கில் 'டப்' என்று மோதும். அதற்கு நடுவில் ஒரு துணித்திரை, அதோடு மைக்குக்கு நேராகப் பாடாமல் சற்றே ஓரம் தள்ளிப் பாடுவது. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துப் 'பழனி, பழனி' என்று சொல்லிப் பார்க்கச் சொன்னான். காற்று கையில் அறையாமல் சொல்லப் பழகினால் பாதி வேலை முடிந்தது. நாற்பது வருஷமாக முருகனை நான் ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் ஹெட்போன். இரண்டு காதையும் மூடிவிட்டால் என் குரல் எனக்கு எங்கிருந்தோ வருகிறது. அதில் சத்தம் அதிகமானால் தானாக அமுங்கிப் பாடுகிறேன், குறைவானால் அக்கரைக்குப் போய்விடுகிறேன். ஒரு காதை மூடி ஒரு காதைத் திறந்து வைக்கிற பழைய ஸ்டுடியோ வழக்கம்தான் எனக்குச் சரிப்பட்டது. எஸ். ஜானகி பாடும்போது கையில் கைக்குட்டையோடு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நிற்பார் என்று சொல்லுவார்கள். கோபம், குழந்தை, கிழவி எல்லாம் குரலுக்குள் மட்டும். நான் கையை வீசினால் சட்டைக் கை உரசுகிற சத்தம் வருகிறது. பஜனையில் ஜால்ரா தட்டிய கைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்தியைத் தொண்டையில் மட்டும் காட்டுவது, அறுபதுக்கு மேல் கற்றுக்கொள்கிற காரியமா?

கற்றுக்கொண்டேன்தான். ஆனால் அப்படிக் கற்றதில் பாதிக்கு இப்போது அவசியமில்லையாம். அந்தக் காலத்து ரெக்கார்டிங்கில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே மூச்சில். கடைசிச் சரணத்தில் ஒரு வயலின் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. இங்கே நான் ஒவ்வொரு வரியையும் பலமுறை பாடுகிறேன். பையன் ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டுகிறான். அந்தப் பாட்டை அப்படியே முழுசாக நான் என்றைக்கும் பாடியதில்லை. ஆனால் பாடியிருக்கிறேன், ஆதாரம் இருக்கிறது.

சுருதி விலகினால் அதற்கும் மருந்து இருக்கிறது. ஆட்டோ-டியூன். 1997-ல் வந்தது. அதைச் செய்த ஆண்டி ஹில்டபிராண்ட், அதற்கு முன் பூமிக்குள் அதிர்வை அனுப்பித் திரும்பி வருவதை வைத்து எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற கணக்குத் தொழிலில் இருந்தவர். எங்கள் பக்கம் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடந்து நீரோட்டம் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் யாரும் சங்கீதத்துக்கு வரவில்லை. அந்த மென்பொருள் என் காவடிப் பாட்டைப் பார்த்துத் திகைத்துவிட்டது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நான் வழுக்கிப் போவதெல்லாம் அதன் கண்ணுக்குத் தப்பு. பிடித்துப் பிடித்து நேராக நிறுத்தியது. பாட்டு ஏணிப்படி ஏறியது. "வேண்டாமுங்க பெரியப்பா, உங்க தப்பே நல்லாருக்குது" என்று எடுத்துவிட்டான். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த விருது இது.

இத்தனைக்குப் பிறகும் பாட்டில் உப்பு இல்லை. சுருதி இருந்தது, 'ப' வெடிக்கவில்லை, மயில் இல்லை. ஆனால் எதிரே ஆள் இல்லை. கொங்கு நாட்டில் பாட்டென்றால் எதிரில் ஒருவர் 'ஆமா' போட வேண்டும். 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அண்ணன்மார் கதையைப் பாடகர் ஒருவர் உடுக்கையடித்துப் பாடப் பாட, ஜனங்கள் கூடியிருக்க, இரவிரவாக டேப்பில் பிடித்தார். அதே கதையைப் பாடகர் சொல்லச் சொல்ல எழுதி வாங்கிய வடிவமும் அவரிடம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டே புத்தகம் எழுதினார். கூட்டத்துக்கு முன் பாடியதும் எழுதுகிறவருக்கு முன் சொன்னதும் ஒன்றாக இருக்கவில்லை என்பதில் உடுக்கைக்காரர் யாருக்கும் ஆச்சரியம் இருந்திராது. வள்ளி கும்மி எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒரு அடி பாட, சுற்றி நிற்பவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த அடி அவர் வாயில் வரும். அந்தக் கலைக்காக மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்றைய கும்மி ஆசிரியர்கள் கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு ஆடிக்கொண்டே பாடுகிறார்கள். மூச்சு எங்கே வாங்குகிறார்கள் என்பது எனக்கு இன்னும் புதிர்.

ஆகவே என் சம்சாரத்தை அறைக்குள் உட்கார வைத்தோம். "சும்மா கேட்டுட்டு இருங்க பெரியம்மா." அவள் மொச்சை உரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். மொச்சை சத்தம் போடும் என்று அதை வெளியே வைத்தாயிற்று. நான் ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் அவள் தலையை லேசாக ஆட்டினாள், அவ்வளவுதான். எங்கிருந்தோ குரல் இறங்கி வந்து அந்த ஒரு ஜாணுக்குள் உட்கார்ந்துகொண்டது. கத்தவும் இல்லை, கிசுகிசுக்கவும் இல்லை. வீட்டில் ஒருத்தரிடம் சொல்லுகிற அளவில் பாட்டு போயிற்று. பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரலை உயர்த்தினான். சரணத்தின் உச்சியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வளையல் கிலுங்கியது. அந்த டேக் போச்சு.

வளையலைக் கழற்றி வைத்துவிட்டு அவள் மறுபடி உட்கார்ந்ததில் பாட்டு நன்றாகவே அமைந்தது. கோயில்காரர்களுக்குத் திருப்தி. கோயமுத்தூரிலிருந்து ஒரு சொந்தக்காரர் காரில் கேட்டுவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாடினது போல இருந்ததாகப் போன் பண்ணினார். பையனுக்கு அதில் ஏகப் பெருமை. "இதுதானுங்க பெரியப்பா மைக் சிங்கிங்."

நோம்பிக்கு அதே பாட்டைப் பென் டிரைவில் போட்டு ரேடியோ செட்டுக்காரரிடம் கொடுத்தார்கள். அதே செட்டுக்காரர்தான்; வண்டி மட்டும் டாடா ஏஸ் ஆகியிருக்கிறது. குழாய் ஸ்பீக்கர் தென்னையில் ஏறியது. குழாய்க்கு அடிச்சுரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு ஜாண் தூரத்தில் பையன் அரும்பாடுபட்டுச் சேர்த்த கனமெல்லாம் வடிந்துபோய், மீதியை உறுமி மேளம் சாப்பிட்டது. செட்டுக்காரர் திருகாணியை முடிந்தமட்டும் திருகிப் பார்த்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்கண்ணா, ஒடம்புக்குச் சொகமில்லாதப்பப் பாடுனீங்களா? ஒன்னுமே கேக்கலீங்க. மைக்கு இந்தாங்க, நேராவே பாடிப்போடுங்க."

"ஷாக் அடிக்காதே?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன்.